கல் இழுத்த ஊர்: கோஹிமாவில் ஏழு நாள்

முதல் நாள், டிமாபூர்

சென்னையில் விடியுமுன் ஏறி, கொல்கத்தாவில் விமானம் மாறி, டிமாபூரில் இறங்கும்போது மதியம். நாகாலாந்துக்குள் போக வெளி மாநிலத்தவருக்கு இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். இணையத்தில் முன்பே எடுத்துவிட்டோம். விமான நிலையத்தில் அதைக் காட்டிவிட்டு வெளியே வந்தோம். நவம்பர் வெயில் இதமாக இருந்தது.

நாங்கள் இரண்டு பேர். நடுகல் தேடிச் செங்கம் பக்கத்துக் காடுகழனிகளில் பல வருடமாகச் சுற்றும் சிறு குழு எங்களுடையது. அதில் மூத்தவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், என்னோடு வந்திருக்கிறார். நான் அவரை ஐயா என்பேன். அவருக்கு முழங்கால் வலி. "மலை ஏறணுமே ஐயா" என்றதற்கு, "கல்லுக்காக ஏறாத மலையா தம்பி" என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்டிவிட்டார்.

வந்த காரணத்தையும் எழுதிவிடுகிறேன். கோஹிமா போர்க் கல்லறையில் நிற்கும் நினைவுக்கல்லில் உள்ள இரண்டு வரி உலகம் முழுக்கத் தெரிந்தது. அந்தக் கல்லை இழுத்து வந்து நிறுத்தியவர்கள் நாகர்கள் என்பது அவ்வளவாகத் தெரியாதது. பெருங்கல் நிறுத்தும் வழக்கம் நேற்றுவரை உயிரோடிருந்த ஊரில், அந்நியப் படை ஒன்று தன் செத்தவர்களுக்கு அவர்கள் முறையிலேயே கல் வைத்திருக்கிறது. நடுகல் பார்க்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மாலையில் கச்சாரி அரசின் இடிபாடுகளுக்குப் போனோம். வரிசை வரிசையாகக் கல் தூண்கள், தலைப்பக்கம் காளான் குடை போல உருண்டு, உடம்பெல்லாம் பூவும் விலங்குமாகச் செதுக்கியவை. 16-ஆம் நூற்றாண்டில் அகோம் படை வந்து அழிக்கும்வரை இது தலைநகரம். எதற்காக நிறுத்தினார்கள் என்பதில் ஆளுக்கொரு கருத்து. ஐயா தூண்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எழுத்து ஏதும் இல்லாதது அவருக்கு வருத்தம்.

இரண்டாம் உலகப்போரில், 1944-இல், இந்த ஊர்தான் பிரிட்டிஷ் படையின் பெரும் பண்டகசாலை. 11 மைல் நீளம், ஒரு மைல் அகலத்துக்கு உணவும் குண்டும் எண்ணெயும் அடுக்கிக் கிடந்தனவாம். இங்குள்ள ரயில் பாதை அறுந்தால் வடக்கே லெடோவில் இருந்த அமெரிக்க, சீனப் படைகளுக்கும் வழி அறுந்துவிடும். ஜப்பான் படை இங்கே வந்திருந்தால் தடுக்கப் போதுமான ஆள் இல்லை. வராமல் போனதற்குக் காரணம், 74 கிலோமீட்டருக்கு மேலே ஒரு முகட்டில் உட்கார்ந்திருந்த சிலபேர்.

இரண்டாம் நாள், மலைப்பாதை

பாதி தூரம் வரை சாலை அகலப்படுத்தும் வேலை. தூசிக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வந்தோம். ஓட்டுநர் தம்பி அங்காமி என்ற நாகர் பிரிவைச் சேர்ந்த இளைஞர். இந்தியில் பேசிக்கொண்டோம். ஐயாவை அங்கிள் என்றே கூப்பிட்டார்.

அன்றைய போர்க்குறிப்புகளில் ஊர்ப்பெயரைவிட மைல்கல் எண்தான் அதிகம் வரும். டிமாபூரிலிருந்து எண்ணுவார்கள். கோஹிமா 46-ஆவது மைல். அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளைவாகப் பார்த்து வந்தேன். சுப்சாவில் தேநீர் குடித்தோம். கோஹிமாவைச் சுற்றி வளைத்த ஜப்பானியரின் முற்றுகையை உடைக்க வந்த பிரிட்டிஷ் இரண்டாம் டிவிஷன் இந்த வழியாகத்தான் மேலே ஏறியது.

அடுத்து ஜோட்சோமா. இங்கே வண்டியை நிறுத்தச் சொன்னேன். எதிரே, பள்ளத்தாக்குக்கு அப்பால், கோஹிமா முகடு தெரிகிறது. பறவை பறக்கும் தூரம் மூன்று கிலோமீட்டர் இருக்கும். 1944 ஏப்ரல் 5 அன்று 161-ஆம் இந்தியப் படையணி கோஹிமாவுக்கு விரைந்தபோது, ராயல் வெஸ்ட் கென்ட் படைப்பிரிவின் நான்காம் பட்டாலியனும் ராஜபுத்திரப் படையின் ஒரு கம்பெனியும்தான் உள்ளே போய்ச் சேர முடிந்தது. பின்னால் வழி அடைபட்டது. மற்றவர்கள் இங்கே, ஜோட்சோமாவில், பீரங்கிகளோடு நின்றுவிட்டார்கள். அடுத்த இரண்டு வாரம் அந்த முகட்டைக் காப்பாற்றியதில் பாதிப் பங்கு இந்த மேட்டிலிருந்து சுட்ட மலைப்பீரங்கிகளுக்கு. முகட்டில் இருப்பவன் வானொலியில் இடம் சொல்வான், இங்கிருந்து குண்டு போகும். தன் ஆள் படுத்திருக்கும் குழிக்குச் சில கெஜம் முன்னால் விழ வேண்டும். பீரங்கிக்காரர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள்.

ஐயா நெடுநேரம் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு கிட்டத்துல இருந்துக்கிட்டுப் போக முடியாம இருந்திருக்காங்களே" என்றார்.

மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. தங்கும் வீட்டு அம்மா, சூடான கல்ஹோ கொடுத்தார். அரிசியும் கீரையும் இறைச்சியும் சேர்த்துக் குழைய வேகவைத்தது. ஐயாவுக்கு இறைச்சி இல்லாமல் தனியாக.

மூன்றாம் நாள், வாசல் கல்

ஊருக்கு நடுவில், போக்குவரத்து இரைச்சலுக்கு மேலே, மலைச்சரிவை அடுக்கடுக்காக வெட்டிய தட்டுகளில் கல்லறை. வெளியே வாகன ஒலிப்பான் ஓயவில்லை. உள்ளே புல்லை மட்டமாக வெட்டி, ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் பூச்செடி வைத்திருக்கிறார்கள். 1,420 பேர் புதைக்கப்பட்ட இடம். நிமிர்ந்து நிற்கும் கல்லறைக் கற்கள் இல்லை. தாழ்வான சிறு பீடம், அதன்மேல் வெண்கலத் தகடு. பெயர், வயது, படைப்பிரிவு, இறந்த நாள், சிலவற்றில் வீட்டார் எழுதி அனுப்பிய ஒரு வரி. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு. பெயர் தெரியாதவர்களுக்கும் அதே பீடம்.

வாசலை ஒட்டிக் கீழ்த்தட்டில் இரண்டாம் டிவிஷனின் நினைவுக்கல் நிற்கிறது. கரடுமுரடான ஒற்றைப் பாறை, ஆள் உயரத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல். செதுக்கி மழமழப்பாக்கவில்லை. அதன் அடியில் அந்த வரி. தமிழில் சொன்னால்:

நீ வீடு திரும்பும்போது
எங்களைப் பற்றி அவர்களிடம் சொல்;
உங்கள் நாளைக்காக
நாங்கள் எங்கள் இன்றைக் கொடுத்தோம் என்று சொல்.

இது கோஹிமாவுக்காக எழுதப்பட்டதல்ல. முதல் உலகப்போர் சமயத்தில், கேம்பிரிட்ஜில் கிரேக்கம் கற்பித்த ஜான் மேக்ஸ்வெல் எட்மண்ட்ஸ் என்ற அறிஞர், போர்க் கல்லறைகளில் பொறிக்கலாம் என்று சில வரிகள் எழுதினார். அதில் ஒன்று இது. அவருக்கு முன்மாதிரி, தெர்மோபிலேயில் மாண்ட ஸ்பார்ட்டா வீரர்களுக்குக் கிரேக்கக் கவிஞர் சிமோனிடிஸ் எழுதியதாகச் சொல்லப்படும் வரி. வழிப்போக்கனைக் கூப்பிட்டு, போய் ஊரில் சொல்லு என்று செத்தவர்கள் சொல்வது போன்ற அமைப்பு. 2,400 வருடத்துக்கு மேல் பழைய உத்தி.

எட்மண்ட்ஸ் எழுதியதற்கும் கல்லில் உள்ளதற்கும் சின்ன வித்தியாசம் இருக்கிறது. அவர் எழுதியது, "உங்கள் நாளைகளுக்காக இவர்கள் தங்கள் இன்றைக் கொடுத்தார்கள்" என்று. கல்லில் வந்தபோது "இவர்கள்" போய் "நாங்கள்" ஆகிவிட்டது. இதைச் சொன்னதும் ஐயாவின் முகம் மாறியது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"இவர்கள்னு சொன்னா யாரோ ஒருத்தன் சுட்டிக்காட்டறான் தம்பி. நாங்கள்னு சொன்னா செத்தவனே பேசறான். அதுலயும் பாருங்க, இங்கிலீஷ்ல ஒரே சொல்லு. நமக்கு நாம், நாங்கள் ரெண்டு இருக்கு. நாம்னா கேக்கறவனும் உள்ள. நாங்கள்னா அவன் வெளிய. செத்தவன் உயிரோட இருக்கறவனப் பாத்து நாங்கள்னுதான் சொல்ல முடியும்."

கல் வாழ்த்தில் யார் பேசுகிறார்கள் என்பதை இத்தனை வருடம் பார்த்துப் பழகியவருக்குத்தான் இது படும். எனக்கு எத்தனை தடவை படித்தும் பட்டதில்லை.

கல்லுக்கு வருகிறேன். அங்காமி ஊர்களில் பெருங்கல் இழுப்பது பெரிய சடங்கு. ஊருக்கெல்லாம் பல நாள் விருந்து போட்டுத் தன் செல்வத்தைப் பகிர்ந்து கொடுத்தவன் தன் பெயர் நிலைக்கக் கல் நிறுத்துவான். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று இரட்டையாக நிறுத்துவதும் உண்டு. மரத்தில் கவை போன்ற சறுக்கு வண்டி செய்து, அதன்மேல் கல்லைக் கட்டி, கொடிகளைக் கயிறாகத் திரித்து, நூற்றுக்கணக்கான ஆண்கள் சடங்கு உடையில் ஒரே குரலில் ஓசை எழுப்பி இழுப்பார்கள். நம் பக்கம் கல்லைக் காண்பது, நாள் பார்த்துக் கொள்வது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்று வரிசை இருந்தது. இங்கே விருந்து முந்தி, கல் பிந்தி. நமக்குச் செத்தவனுக்குக் கல். இவர்களுக்குக் கொடுத்தவனுக்குக் கல். இரண்டாம் டிவிஷனின் கல்லில் இரண்டும் சேர்ந்துவிட்டன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீடு திரும்பும்போது சொல் என்கிறது கல். இது வெளியூரிலிருந்து வந்தவனைப் பார்த்துச் சொல்வது. இழுத்து நிறுத்திய நாகனுக்கு இதுதான் வீடு. அவன் எங்கே திரும்பிப் போய் யாரிடம் சொல்வான்? அந்த இரண்டரை மாதத்தில் அவன் ஊர் தரைமட்டமானது. குறிப்பாகக் கோஹிமா கிராமம், ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த பகுதி, குண்டுவீச்சில் அழிந்தது. துப்புச் சொன்னவர்களும், வழிகாட்டியவர்களும், குண்டு மழையில் காயம்பட்டவர்களைத் தூளியில் சுமந்து கீழே இறக்கியவர்களும் நாகர்கள். பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் பின்னாளில் அவர்களை மனம் திறந்து பாராட்டி எழுதியிருக்கிறார். ஆனால் வாசலில் நிற்கும் கல்லில் அவர்கள் பெயர் இல்லை. அவர்கள் தோள் மட்டும் இருக்கிறது.

ஐயாவின் முழங்கால் இன்று இதற்குமேல் ஒத்துழைக்கவில்லை. மேல்தட்டுகளை நாளைக்கு வைத்துவிட்டுத் திரும்பினோம். நாங்கள் இருந்த இரண்டு மணி நேரத்தில் வந்தவர்கள் பலர். இந்தக் கல்லின் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். கொஞ்சம் பேர் இரண்டு தட்டு ஏறினார்கள். உச்சிவரை போனதாக யாரையும் காணோம்.

நான்காம் நாள், டென்னிஸ் மைதானம்

மெல்ல ஏறினோம். ஒவ்வொரு தட்டிலும் நின்று, உட்கார்ந்து.

டென்னிஸ் மைதானம் இங்கே இருக்கிறது. மாவட்ட அதிகாரி சார்லஸ் பாசியின் பங்களா தோட்டத்தில் இருந்த மைதானம். பங்களா போய்விட்டது. மைதானத்தின் கோடுகளை மட்டும் வெள்ளையாகத் தரையில் பதித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படையினர், மறு பக்கம் ஜப்பானியர்கள். இடையில் இருபது மீட்டர் கூட இல்லை. அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். நாளெல்லாம் கையெறி குண்டுகள் வலைக்கு மேல் பந்து போகிற மாதிரி போய்வந்திருக்கின்றன.

முகட்டில் இருந்தவர்கள் சண்டை போடக்கூடியவர்கள் 1,500 பேர், மற்றவர்கள் ஓர் 1,000 பேர். எதிரே லெப்டினன்ட் ஜெனரல் சாட்டோவின் 31-ஆம் டிவிஷன், 12,000-க்கும் மேல். அதற்கு முன்பே கிழக்கே ஜெஸ்ஸாமியிலும் கராசோமிலும் அசாம் படைப்பிரிவின் முதல் பட்டாலியன் அவர்களைச் சில நாள் தாமதப்படுத்தியிருந்தது. தொடங்கி மூன்று வருடம்கூட ஆகாத படைப்பிரிவு அது. கராசோமில் கேப்டன் ஜான் யங் தன் ஆட்களையெல்லாம் அனுப்பிவிட்டுத் தான் மட்டும் தங்கி மாண்டார். கோஹிமா முகட்டில் காயம்பட்டவர்களைக் கவனித்த ராணுவ மருத்துவர் பெயரும் ஜான் யங். இரண்டு பேரையும் ஒருவராகக் குழப்பி எழுதியவர்கள் உண்டு. நானே ஒரு காலத்தில் அப்படி நினைத்திருந்தேன்.

தண்ணீர்தான் பெரும் துன்பம். ஊற்று எதிரி கைக்குப் போனது. விமானத்திலிருந்து தண்ணீரைப் போட்டார்கள். ஏப்ரல் 13 அன்று போட்டதில் நிறைய ஜப்பானியர் பக்கம் விழுந்தது. காயம்பட்டவர்கள் கிடந்த குழிகளின்மேலேயே குண்டுகள் விழுந்தன. ஏப்ரல் 18 அன்று பஞ்சாப் படைப்பிரிவின் முதல் பட்டாலியன் வழி வெட்டிக்கொண்டு உள்ளே வந்தது. 20-ஆம் தேதி இரண்டாம் டிவிஷன் ஆட்கள் வந்து இவர்களை மாற்றினார்கள். வெஸ்ட் கென்ட் படையின் லான்ஸ் கார்ப்பரல் ஜான் ஹார்மன், தனியாளாகப் பாய்ந்து எதிரியின் இயந்திரத் துப்பாக்கி நிலையை அடக்கியவர், ஏப்ரல் 9 அன்று இறந்தார். விக்டோரியா கிராஸ் பெற்றவர். இங்கேதான் புதைத்திருக்கிறார்கள். அவருடைய தகட்டின் முன்னால் யாரோ ஒரு சின்னக் காகிதப்பூ வைத்திருந்தார்கள்.

முற்றுகை உடைந்த பிறகும் மைதானம் கைக்கு வரவில்லை. அடுத்த மூன்று வாரம் இதற்காகச் செத்தவர்கள் டார்செட்ஷயர் படைப்பிரிவின் இரண்டாம் பட்டாலியன். அவர்கள் நினைவுச்சின்னம் இந்தக் கல்லறைக்குள் இருக்கிறது. இன்று நான் அதிக நேரம் நின்றது அதன் முன்னால்தான். காரணம், இந்தப் படைப்பிரிவின் கதை நம் கடற்கரையில் தொடங்குகிறது.

1754-இல் பிரிட்டிஷ் அரசரின் படைப்பிரிவு ஒன்று முதன்முதலாக இந்தியாவுக்கு வந்தது. அதுவரை இங்கே இருந்தவை கிழக்கிந்தியக் கம்பெனியின் கூலிப்படைகள். வந்தது 39-ஆம் காலாட்படை. தலைமை கர்னல் அட்லர்கிரான். இறங்கிய இடம் நம் சென்னைப்பட்டினம். பிரெஞ்சுக்காரர்களோடு கர்நாடகப் போர்கள் நடந்துகொண்டிருந்த காலம். அந்தப் படையின் ஒரு பகுதியைக் கிளைவ் வங்காளத்துக்கு அழைத்துப் போய் 1757-இல் பிளாசியில் நிறுத்தினார். அதனால் அவர்கள் எடுத்துக்கொண்ட விருதுமொழி, லத்தீனில் "பிரைமஸ் இன் இண்டிஸ்", இந்தியாவில் முதல்வர். 1881-இல் 54-ஆம் படையோடு சேர்த்து டார்செட்ஷயர் படைப்பிரிவு ஆனபோதும் அந்த விருதுமொழி தொடர்ந்தது.

முதலில் வந்தவர்கள் 190 வருடம் கழித்து, பிரிட்டிஷார் இந்திய மண்ணில் போரிட்ட கடைசிப் பெரும்போரில், ஒரு டென்னிஸ் மைதானத்துக்காக மண்ணில் படுத்திருந்தார்கள். அடுத்த மூன்று வருடத்தில் அவர்கள் நாட்டுக்கு இந்த நாடு இல்லாமல் போனது. டார்செட் கிராமத்திலிருந்து வந்த இருபது வயதுப் பையனுக்குப் பிளாசியைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்? அவன் தொப்பியில் இருந்த சின்னம்தான் அதைச் சுமந்தது. நாம் அந்தப் பேரரசை வெறுக்கக் காரணம் ஆயிரம். இந்தப் பையனை வெறுக்க என்னால் முடியவில்லை.

மே 13 அன்று முடிவு வந்தது. செங்குத்தான சரிவில் டாங்கி ஏறாது என்பதால் பொறியாளர்கள் புல்டோசரால் தடம் வெட்டினார்கள். சார்ஜென்ட் வாட்டர்ஹவுஸின் லீ வகை டாங்கி மேலிருந்து சறுக்கிக்கொண்டு நேராக மைதானத்துக்குள் விழுந்தது. சில கெஜ தூரத்திலிருந்து பதுங்குகுழிகளை ஒவ்வொன்றாகச் சுட்டது. பின்னாலேயே டார்செட் ஆட்கள் ஓடி வந்தார்கள். மூன்று வாரம் நகராதது சில நிமிடத்தில் முடிந்தது.

பக்கத்தில் ஒரு செர்ரி மரம். ஜப்பானியர் மறைந்திருந்து சுட்ட மரம் அங்கே இருந்ததாம். போரில் அது அழிந்து, அதன் அடிக்கட்டையில் துளிர்த்தது இப்போதுள்ள மரம் என்று சிறு பலகை சொல்கிறது. ஐயா அதன் நிழலில் உட்கார்ந்தார். அதற்குமேல் ஏற முடியவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது. உச்சிக்கு இன்னும் சில தட்டுகள்தான். அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்கினோம்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

கோஹிமாவில் ஞாயிறு என்றால் ஊரே தேவாலயத்தில். கடைகள் இல்லை, வண்டிகள் இல்லை. ஐயாவுக்கு முழங்காலில் ஒத்தடம். நான் மட்டும் அரதுரா மலைமேல் இருக்கும் கதீட்ரல்வரை நடந்தேன். இங்கே மாண்ட ஜப்பானியர்களின் குடும்பங்கள் கொடுத்த பணமும் அந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்கிறார்கள்.

ஜப்பானியர் பக்கம் போரில் மாண்டவர், காயம்பட்டவர் சேர்த்து 5,000-க்கும் மேல். பிரிட்டிஷ் இந்தியப் படையில் கொல்லப்பட்டவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் சேர்த்து 4,000-க்கும் மேல். மூன்று வார உணவோடு அனுப்பப்பட்ட படை ஜப்பானியருடையது. பின்னால் எதுவும் வரவில்லை. பசியும் நோயும் தின்றன. மே கடைசியில் சாட்டோ, மேலதிகாரி முட்டாகுச்சியின் கட்டளையை மீறிப் பின்வாங்கினார். பதவி பறிக்கப்பட்டது. தன் ஆட்கள் பட்டினியில் சாவதைப் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டேன் என்று ஒரு தளபதி முடிவெடுத்ததை நான் கோழைத்தனமாக நினைக்கவில்லை.

இதே போர் முனையில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் இருந்தது. மலேயாத் தோட்டங்களிலிருந்து அதில் சேர்ந்த தமிழர்கள் எத்தனையோ பேர். ஏப்ரல் 14 அன்று இம்பாலுக்குத் தெற்கே மொய்ராங்கில் கொடி ஏற்றினார்கள். பின்வாங்கும்போது பர்மாக் காடுகளில் விழுந்தவர்களுக்குத் தகடும் இல்லை, தட்டும் இல்லை. எந்தப் பக்கம் நின்றாலும் நம்மவன் பெயர் தொலைந்துபோகிறது என்ற எண்ணம் நாள் முழுக்க அரித்தது.

ஆறாம் நாள், கொனோமா, பிறகு உச்சி

காலையில் கொனோமா. 20 கிலோமீட்டர் மேற்கே. 1879 அக்டோபரில் இந்த ஊர் வாசலில்தான் பிரிட்டிஷ் அதிகாரி டமன்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு அங்காமிகள் திரண்டு கோஹிமாவை முற்றுகையிட்டார்கள். ஆம், கோஹிமாவின் முதல் முற்றுகை அது. உள்ளே பிரிட்டிஷார், வெளியே நாகர்கள். நவம்பரில் கொனோமாக் கோட்டையைப் பிரிட்டிஷ் படை தாக்கியது. 1880 மார்ச்சில் உடன்பாடு. மாண்ட அதிகாரிகளுக்குக் கோட்டை மேட்டில் கல் இருக்கிறது. அந்த முற்றுகைக்கும் அடுத்ததற்கும் இடையில் 65 வருடம். தாத்தா முற்றுகையிட்ட முகட்டில், பேரன் அதே பிரிட்டிஷ்காரனைத் தூளியில் சுமந்திருக்கிறான். மாவட்ட அதிகாரி பாசியைப் போன்ற சிலர் மக்களிடம் சம்பாதித்த நம்பிக்கைதான் அதற்குக் காரணம் என்பார்கள். முற்றுகை நடந்த நாளெல்லாம் அவர் ஊரைவிட்டுப் போகவில்லை.

நெல் தட்டுகளும் கிளை வெட்டிய ஆல்டர் மரங்களும் பார்த்துவிட்டு மதியம் திரும்பினோம். "உச்சி இன்னிக்கு" என்றார் ஐயா. கேட்டது ஓட்டுநர் தம்பி காதிலும் விழுந்தது. வண்டியை நிறுத்திவிட்டு அவரும் கூட வந்தார். ஒரு கையை அவர் தோளிலும் மறு கையை என் தோளிலும் போட்டுக்கொண்டு ஐயா ஏறினார். மூன்று மணிக்கு உச்சியில் இருந்தோம்.

இங்கே இருப்பது எரியூட்டு நினைவகம். இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் பெயர்கள். அவர்கள் வழக்கப்படி எரியூட்டப்பட்டவர்கள். எரித்தவனுக்குக் கல்லறை இல்லை. ஆறடி நிலம் இல்லை, பூச்செடி இல்லை, வீட்டார் எழுதி அனுப்பிய வரி இல்லை. பெயர் ஒன்றுதான். அதுவும் படைப்பிரிவு வாரியாக, ஆங்கில எழுத்தில். கல்லறையிலேயே உயரமான இடத்தைத்தான் இவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அது மரியாதைதான். ஆனால் உயரத்தில் இருப்பதால் யாரும் வருவதில்லை.

ஐயா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பிறகு எடுத்தனூர்க் கல்லைப் பற்றிப் பேசினார். மகேந்திரவர்மன் காலத்து நடுகல். தொறு, அதாவது கவர்ந்துபோன மாட்டுமந்தையை, மீட்கும் சண்டையில் செத்த வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கும். கள்ளர் இருவரைக் கடித்து எசமானைக் காத்து நின்ற நாய். அதன் பெயர் கோவிவன் என்று கல்லில் எழுதியிருக்கிறது.

"ஒரு நாயோட பேரு ஆயிரத்து நானூறு வருஷமா நமக்குத் தெரியுது தம்பி. எப்படி? போறவன் வர்றவன் படிச்சான். இதப் படிக்க ஆளு இல்லன்னா எழுதி என்ன?"

சொல்லிவிட்டு முதல் பலகையின் முன்னால் போய் நின்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும் குரல். ஆங்கில எழுத்தில் நசுங்கிய பெயர்களை நிறுத்தி, யோசித்து, இப்படித்தான் அவன் அம்மா கூப்பிட்டிருப்பாள் என்று திருத்திப் படித்தார். ராம், சிங், பகதூர் என்று முடியும் பெயர்கள். சிலவற்றில் திணறியபோது ஓட்டுநர் தம்பி உச்சரிப்புச் சொன்னார். கோர்க்காப் பெயர்கள் அவருக்கு நன்றாக வந்தன. ஐயாவுக்கு இருமல் வந்தபோது நான் தொடர்ந்தேன். நான் நிறுத்தியபோது அவர் தொடர்ந்தார்.

நாலரை மணிக்கு எழுத்துத் தெரியவில்லை. கைபேசி விளக்கைப் பிடித்து இன்னும் ஒரு பலகை. கீழே தோட்டக்காரர் கதவருகே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கச் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆனால் நேரமாகிவிட்டது தெரிந்தது.

"நாளைக்கு வண்டி எத்தனை மணிக்கு தம்பி?"

"பத்து மணிக்குக் கிளம்பினாதான் விமானத்தப் பிடிக்கலாம் ஐயா."

"அப்பக் கதவு திறந்ததும் வந்துடலாம்."

ஏழாம் நாள், புறப்பாடு

கதவு திறந்ததும் வந்துவிட்டோம். இரவெல்லாம் பனி. புல்லில் ஈரம். ஏறும்போது யாரும் பேசவில்லை. வாசல் கல்லின் அருகே ஐயா ஒரு கணம் நின்று, அந்த முரட்டுப் பாறையைக் கையால் தடவிவிட்டு வந்தார்.

நேற்று விட்ட இடத்தை நான் குறித்து வைத்திருந்தேன். அங்கிருந்து தொடங்கினோம். பாதியில் தோட்டக்காரர் குடத்தோடு மேலே வந்தார். செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கடைசிப் பலகையின் கீழ் மூலையில் படிந்திருந்த பாசியைத் துணியால் துடைத்துவிட்டார், எங்களுக்கு எழுத்துத் தெரியட்டும் என்று.

ஒன்பதே முக்காலுக்கு 917-ஆவது பெயரை ஐயா படித்தார். ஓட்டுநர் தம்பி கீழே போய் வண்டியைத் திருப்பி நிறுத்தினார்.